பேனாவால் எழுதிய பத்துத் தகடுகள்

ஸ்வீடனின் உமேயோ நகரில் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தின் சாயமேற்றும் மேசைக்கு மேலே, அங்கே தகடு தயாரிக்கும் குன்வோர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று பதினெட்டு வருஷமாகத் தொங்குகிறது: 'பென்சில் மட்டும்.' மூளைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் பேனாவால் எண் எழுதினால் ஆல்கஹால் தொட்டியில் கரைந்துவிடும். பிறகு எது யாருடைய மூளை என்று யாராலும் சொல்ல முடியாது.

அட்டையை எழுதியவளே இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மதியம் பேனாவை எடுத்தாள். பென்சில் முனை உடைந்துவிட்டது; மூன்று மணிப் பேருந்து அவளுக்காக நிற்காது. தொட்டியிலிருந்து பத்துத் தகடுகள் வெறுமையாக வந்தன. எட்டை, மூளைத் துண்டுகளைப் புதைத்து வைத்த மெழுகுப் பாளங்களோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டுவிட்டாள். மீதி இரண்டும் மூளையின் நினைவுப் பகுதியிலிருந்து வெட்டியவை. இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. ஒன்று, ஐம்பத்திரண்டு வயதில் மூளைக்கட்டியால் இறந்த லாரி ஓட்டுநருடையது. மற்றது எண்பத்தாறு வயதில் இறந்த ஒரு மூதாட்டியுடையது. மறுபடி வெட்டிப் பார்த்திருக்கலாம். குத்துமதிப்பாக எண் எழுதிவிட்டுப் பேருந்தைப் பிடித்தாள்.

ஓட்டுநரின் எண் இருந்த தகட்டில், முதுமையில் நினைவை அழிக்கும் நோயின் புரத முடிச்சுகளைக் கண்டாள் கூடத்தை நடத்தும் டாக்டர் சிக்ரிட். மூளையின் ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் முடிச்சு, அதுவும் அந்த வயதில்! அதை வைத்தே கட்டுரை எழுதினாள். எழுதியவர்களில் மூன்றாவதாகக் குன்வோரின் பெயரும் அச்சில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

கட்டுரை அச்சில் வந்தால் எழுதியவர்கள் கேக் வாங்குவது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை மார்சிப்பான் என்ற பச்சைப் பாதாம் பசை போர்த்திய கேக் வந்தது.

"குன்வோரு, இனிமே நீயும் பெரிய மனுஷி. எங்ககூடல்லாம் பேசுவியா?" என்றான் நுண்ணோக்கிப் படம் எடுக்கும் ஷெல்.

"முன்னாடி மட்டும் உன்கூட விரும்பியா பேசுனேன்?"

சிக்ரிட் சிரித்தபடி கேக்கைத் துண்டு போட்டாள். "நெதர்லாந்துல ஒரு ஆய்வுக்கூடத்துல அந்த ஓட்டுநரோட பாளத்திலேருந்து ரெண்டு வெட்டு கேக்கறாங்க. திங்கக்கிழமை அனுப்பிடு. அப்புறம், அவரோட மக கூப்பிட்டா. அப்பாவுக்கு இருந்தது தனக்கும் வருமான்னு கேக்கறா. பாவம், முப்பது வயசுகூட ஆகல."

குன்வோர் தன் தட்டைத் தொடாமல் மேசையில் வைத்தாள்.

திங்கட்கிழமை இரண்டு பாளங்களையும் எதிரே வைத்துக்கொண்டாள். மூதாட்டியின் பாளத்தில் வெட்டி, ஓட்டுநரின் எண்ணைப் போட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியாது. ஓட்டுநருடையதை அனுப்பினால், தகடு மாறியிருந்தால் நெதர்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வேலைக்கு வருமுன் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷம் பணிவிடை செய்தவள் அவள். ஒருநாள் இரண்டு பேருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். அடுத்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட்டாள். அங்கே உயிரோடு இருந்தவர்கள் கண்ணெதிரே கிடந்தார்கள். இங்கே இருப்பது மெழுகுதான் என்று இரண்டு வருஷம் தன்னையே ஏமாற்றிக்கொண்டாயிற்று. இப்போது அந்தப் பெண் போன் செய்துவிட்டாள்.

இரண்டையும் வெட்டினாள். பென்சிலால் எண் எழுதினாள். மறுநாள் மதியம் சாயம் பிடித்த தகடுகளை நுண்ணோக்கியில் வைத்தாள். ஓட்டுநருடையது சுத்தமாக இருந்தது. மூதாட்டியுடையதில் பழுப்பு முடிச்சுகள் அப்பிக் கிடந்தன. எண்பத்தாறு வயதில் அது அதிசயமே அல்ல. அதுவரை 'சரியாகவே எழுதியிருக்கலாம்' என்று ஒரு சந்து இருந்தது. அதுவும் அடைபட்டது.

இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு சிக்ரிட்டின் அறைக்குப் போனாள்.

"கதவச் சாத்தட்டுமா?"

"ஏன், வேலைய விடப்போறியா?"

"முதல்ல இதப் பாரு."

சிக்ரிட் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எது ஓட்டுநரோடது?"

"சுத்தமா இருக்கறது." பேனா, தொட்டி, பேருந்து எல்லாவற்றையும் குன்வோர் நின்றபடியே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. கேக்காம இருந்துட்டேன்."

சிக்ரிட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "கட்டுரைய வாபஸ் வாங்கணும். நான் ஜூன்ல ஓய்வு பெறுறப்ப இதுதான் பேச்சா இருக்கும்." பிறகு, "வாபஸ் அறிவிப்புல உன் பேர எடுத்துடட்டுமா?" என்றாள்.

"வேணாம். யாரு பண்ணுனதுன்னு சொல்ல அது வேணும்."

"அந்த அட்டைய எழுதுன நீயா இதப் பண்ணுனே!"

குன்வோர் தகடுகளை எடுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு முதல்ல சொல்லிடு," என்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் பேசுவேன். ஆனா நீ எங்கயும் போகாத. அது எப்படி நடந்துச்சுன்னு கேட்டா நீதான் சொல்லணும்."

குன்வோருக்கு வெளியே போனால் போதும் என்றிருந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிக்ரிட் போனில் ஓட்டுநருடைய மகளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.