சுளகு செய்யாத கல்

கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்து கலக்குவது கால்வாசி. நோயாளி ஏற்கெனவே நம்பிக்கொண்டு வந்ததைக் கலைப்பது முக்கால்வாசி. ஆகவே முதலிலேயே நிலைநாட்டிவிடுகிறேன்: சோற்றில் கிடக்கும் கல் சிறுநீரகத்துக்குப் போவதில்லை. அதற்கு அந்தப் பக்கம் வழியே கிடையாது. கல்லடைப்பில் துடித்தவர்களும், அவர்களுக்குச் சமைத்துப்போட்டு ஏச்சு வாங்கியவர்களும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

குற்றப்பத்திரிகை

தென்காசியில் எங்கள் டாக்டரிடம் அச்சன்புதூர் சங்கரபாண்டியன் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். கூடவே அவர் தாயார் ஆவுடையாச்சி. டாக்டர் கல்லடைப்பு என்றதும் ஆச்சி வெற்றியோடு தலையசைத்தாள். அரிசியைச் சுளகில் சரியாகப் புடைக்கவில்லை என்று மருமகள் கோமதியை முதல்நாளே பண்பொழிக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம்.

"பல்லுல பட்ட கல்லத் துப்பிருதான். படாதது எங்க போவும், கம்பவுண்டர் ஐயா?"

அருவி வைத்தியம்

வெயிலில் வேலைசெய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகும். அதிலுள்ள உப்பு படிந்து கல்லாகத் திரளும். இதை விளக்கிய டாக்டர், ஒரு பாட்டில் மிக்ஸ்சர் மருந்து கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அப்போது சாரல் காலம். சங்கரபாண்டியன் பத்து நாள் குற்றாலத்தில் இடுப்பை அருவிக்குக் காட்டி நின்றுவிட்டு, திறக்காத பாட்டிலோடும் குறையாத வலியோடும் திரும்பினார். இது என்ன கணக்கு அண்ணாச்சி என்றேன்.

"அங்கன பாறையே தேஞ்சு கெடக்கு. என் கல்லு எம்மாத்திரம்வே?"

ரகசிய வாக்குமூலம்

ஆச்சி வண்டிக்காரனோடு பேசப் போன சமயம் பார்த்து சங்கரபாண்டியன் என் காதருகே குனிந்தார். கோமதி இல்லாத வீடு அவருக்கு வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

"அவ போன பொறவுதான் சோத்துல கல்லே வருது. அம்மாவுக்குக் கண்ணு மங்கல். இத நீரு சொல்லும்வே, நான் சொன்னா வீட்டுல இருக்க முடியாது."

வம்சாவளி

எனக்கும் தைரியம் போதாது. ஆனால் டாக்டரின் புத்தகங்களைத் திருட்டுத்தனமாகப் படித்திருந்தேன். சில குடும்பங்களில் உடம்பு உப்பைக் கையாளும் விதமே பிறவியில் கோணல். தகப்பன் வழியாகவோ தாய் வழியாகவோ அது பிள்ளைக்கு இறங்கும். அதனால், குடும்பத்தில் வேறு யாருக்கும் கல் உண்டா என்று டாக்டர் முன்னாலேயே ஆச்சியைக் கேட்டேன். புருஷன் வழியில் ஒருவருக்கும் கிடையாது என்றாள். புளியங்குடியில் அவள் பிறந்த வீட்டில்? ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு உண்டு, இரண்டு அண்ணன்மாருக்கும் உண்டு. பெரியண்ணனுக்கு விழுந்த கல் இலந்தைக்கொட்டை தண்டி, குங்குமச் செப்பில் பத்திரமாக இருக்கிறது.

"அந்த வீட்டில் அரிசி புடைத்தது யார், ஆச்சி?"

"நாந்தான். ஒரு கல்லு தங்காது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவருக்குக் கல் வந்தது உங்கள் அப்பாவிடமிருந்து, உங்கள் வழியாகத்தான் என்றார். ஆச்சி மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இவன் அப்பன் வீட்டுல என்ன இருந்துச்சு? நெலமும் எங்க வீட்டுச் சீருதான், கல்லும் எங்க வீட்டுச் சீருதான்."

ஆக, கல்லடைப்புக்குக் காரணம் பாதி வம்சம், பாதி வறட்சி என்று தீர்ந்து, மறுநாளே பண்பொழிக்கு வண்டி போய்க் கோமதி திரும்பி வந்தாள். சுளகை மட்டும் ஆச்சியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.