நரியோடு எடுத்த படம்

குளிர்காலத்தில் மனிதர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் எத்தனையோ பனிக்காலங்களைக் கண்ட பிறகும் என் கொள்கை அதுதான். அப்படிப்பட்ட நான் ஜனவரி மாதத்தில் வடக்கே காட்டுக்குள் போய், தோலுக்காக மிருகங்களுக்குப் பொறி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு அண்ணை. என் கணவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்.

அந்த அண்ணைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கோடையில் மீன்பிடி, பிறகு அப்பிள் தோட்டம், ஒரு வருடம் தேனீ. அதன் பிறகு வேட்டை விசர் பிடித்தது. வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணித் துவக்கும் வாங்கிவிட்டார். தனியாகப் போகப் பயமோ என்னவோ, என் கணவரையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பாஸ் பண்ண வைத்தார். பிறகுதான் அந்தப் பயணம் வந்தது. வடக்கே ஒரு வெள்ளைக்காரன் பீவர், மார்ட்டன் என்கிற மயிர் அடர்ந்த மிருகங்களுக்குப் பொறி வைத்துத் தோல் விற்கிறானாம். குளிர்காலத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவானாம். காலையில் அவனோடு பொறிகளைச் சுற்றிப் பார்க்கலாம். அதில் நாங்கள் கை வைக்க முடியாது, லைசென்ஸ் அவனுடையது. பின்னேரத்தில் மறைவில் இருந்து முயலோ நரியோ வந்தால் எங்கள் ஆட்கள் சுடலாம்.

“தங்கச்சி, நீரும் வாரும். என்ரை மனிசி குளிரெண்டு மாட்டனெண்டிட்டா” என்றார் அண்ணை.

அந்த நேரம் நான் முழுகாமல் இருந்தேன். டொக்டரை விட்டால் அது எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏனென்று சொல்ல வேண்டும். அதற்கு முதல் ஒருமுறை வயிற்றில் தங்கியபோது சந்தோசம் தாங்காமல் ஊர் முழுக்கச் சொன்னேன். கோயிலில் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், மல்வேர்ன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அன்ரிக்குக்கூடச் சொன்னேன். இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது. கண்ணூறுதான் என்று அம்மா போனில் அழுதா. நான் படித்தவள், கண்ணூறையெல்லாம் நம்பாதவள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அது அன்றோடு போனது. அதனால் இந்தமுறை இவரைப் பிடித்து இருத்தினேன்.

“மூண்டு மாசம் முடியிறவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்கக்கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ.”

பண்ணினார். மெதுவாகத்தான் அடித்தார், பாவம்.

பயணம் வேண்டாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான். நான் விடவில்லை. குளிரைத் திட்டித் திட்டியே எங்கேயென்றாலும் முதல் ஆளாக வெளிக்கிடுகிறவள் நான். மாட்டேன் என்றால் அண்ணையின் மனைவிக்கு உடனே விளங்கிவிடும், அவவின் மூக்கு அப்படி. “போவம், ஆனா ஒண்டு, நீங்கள் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது” என்றேன். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கணவன் உயிர் எடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். பாம்பைக்கூட அடிக்காமல் விரட்டுவார்கள். “அது எனக்குத் தெரியாததே? கொல்லமாட்டன்” என்றார் இவர்.

கேபின் ஒரு குளக்கரையில் இருந்தது. விறகு அடுப்பு எரிந்தது, அந்த மட்டில் நல்லது. ஆனால் மணம்! பொறிக்குப் பூசுகிற ஏதோ மருந்தை எங்கள் வழிகாட்டியான அந்த வெள்ளைக்காரன் போத்தல்களில் அடுக்கி வைத்திருந்தான். அழுகிய மீனும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்த மணம். கதவைத் திறந்ததும் வெளியே ஓடிப்போய்ப் பனியில் சத்தி எடுத்தேன். கார் ஓட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். அண்ணை நம்பினார். வழிகாட்டி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி உள்ளே போனபோது போத்தல்கள் எல்லாம் வெளிக்கொட்டிலுக்குப் போயிருந்தன.

முதல் நாள் காலை நானும் பொறி பார்க்கப் போனேன். அவன் பனிக்கட்டியை உடைத்து, கைமுட்டுவரை தண்ணீருக்குள் விட்டு ஒரு பீவரைத் தூக்கினான். பனியில் உருட்டி ஈரத்தை எடுத்து, மயிரை ஒருபக்கமாகத் தடவிவிட்டான். தொட்டுப் பார் என்றான். தொட்டேன். அவ்வளவு மெது. ஐயோ, உனக்கும் குட்டி இருக்குமே என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் காலை நான் போகவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை குளத்தின் ஒரு பக்கம் மறைவில் இருந்தார். இவரும் வழிகாட்டியும் மற்றப் பக்கம். நான் அடுப்பங்கரையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அண்ணையாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றினேன்.

இருட்ட முதல் வந்தார்கள். முன்னுக்கு அண்ணை, வெறுங்கையோடு.

“தங்கச்சி, ஓடிவந்து பாரும் உம்மடை சிங்கத்தை!”

பின்னால் இவர். கையில் ஒரு நரி. சிவந்த மயிர், தொங்குகிற வால். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணை நரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “வெடி பட்ட இடமே தெரியேல்லை. என்ன சூடடா இது!” என்று வியந்தார். மயிர் அடர்த்தி, தெரியாது என்றான் வழிகாட்டி. பிறகு இவரை நரியோடு நிற்க வைத்து அண்ணை படம் எடுத்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தலையிடி என்று உள்ளே போய்விட்டேன்.

அண்ணைக்கு முன்னால் எப்படிக் கேட்பது? வரும் வழியெல்லாம் பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இவராகச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை பிடித்தால் பிள்ளைக்குக் கூடாது என்று நானும் கேட்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

யாருடைய பிழையும் இல்லை, இப்படி எத்தனையோ பேருக்கு நடக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினா. நல்ல மனுசி. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் இவர் நின்றார், நான் பார்த்தது அந்த நரியைத்தான். டொக்டர் திரும்ப முயற்சிக்கலாம் என்றபோது, “இனி எனக்கு வேண்டாம்” என்றேன். இவர் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. “உம்மடை விருப்பம்” என்றார். குற்றம் உள்ளவன் வாயைத் திறப்பானா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், மோட்கேஜ் கட்டினோம். வீட்டில் சண்டை சச்சரவு இல்லை என்று சொந்தக்காரர் மெச்சினார்கள்.

பத்துப் பதினைந்து வருடம் இப்படியே போனது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை வந்தார். வேலையால் நின்றுவிட்டார், பொழுது போகவில்லை.

“திரும்ப ஒருக்கால் போவமே? அவன் இப்பவும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறானாம்.”

“நான் வரேல்லை அண்ணை” என்றார் இவர்.

“ஒரு வெடியிலை நரியை விழுத்தின ஆள், இப்ப பயப்படுறார்!” என்று அண்ணை போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். இவர் சிரித்தார். விருந்தாளிக்காகச் சிரிக்கிற சிரிப்புத்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அண்ணையின் கார் திரும்பும்வரை பொறுத்தேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சிங்குக்குள் போட்டேன், அது உடைந்தது.

“சிரிப்பு வருதோ உங்களுக்கு? என்ரை பிள்ளையை விழுங்கின நரியைப் பார்த்துச் சிரிக்கிறியளோ?”

இவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“நான் சுடேல்லை.”

“பொய் சொல்லாதேங்கோ!”

“சுடேல்லையப்பா. அது பொறியிலை அம்பிட்டது. அண்டைக்குக் காலமை நீர் வரேல்லைத்தானே, அண்ணையும் முன்னாலை நடந்திட்டார், அப்ப அவன் எடுத்து வண்டியிலை மூடி வைச்சது.”

நான் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெடி பட்ட இடமே தெரியேல்லை என்று அண்ணை அன்றைக்குக் கத்தியது என் காதாலேயே கேட்டதுதான்.

“எங்களுக்கு முன்னாலை ஒண்டு வந்தது. வடிவான நரி. சுடு எண்டு கை காட்டினான். நான் துவக்கைக் கீழை வைச்சிட்டன். ஏனெண்டு கேட்டான். என்னத்தைச் சொல்லுறது? மனிசி பிள்ளைத்தாச்சி, எங்கடை ஆக்கள் இந்த நேரத்திலை உயிர் எடுக்கிறேல்லை எண்டு வாயிலை வந்திட்டுது. அந்த நரி பனிக்கு மேலாலை ஓடிப்போட்டுது. அண்ணை பகிடி பண்ணுவாரெண்டு சொன்னன். அதுக்கு அவன்தான் பனிக்குவியலுக்குள்ளை ஒரு வெடி வைச்சான். காலமை எடுத்த நரியைத் தந்து, இதைப் பிடி எண்டான்.”

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உம்மடை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். முன்னைபின்னை தெரியாதவனுக்குச் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன். எந்த முகத்தோடை சொல்லுறது? பிறகு பிள்ளையும் போச்சு. என்ரை வாயாலைதான் போச்செண்டு நினைச்சன். இனி வேண்டாமெண்டு நீர் சொல்லேக்கை, நான் சத்தியத்தை மீறினது உமக்குத் தெரிஞ்சிட்டுதெண்டு நினைச்சன்.”

எனக்கு இப்போது ஐம்பது நடக்கிறது. இனிப் பிள்ளையைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், ‘நரியை ஏன் சுட்டியள்’ என்று வாய் திறந்து கேட்டிருந்தால் போதும். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூடப் போதும். பாவி, இவ்வளவு காலமும் மரியாதையாக இருந்துவிட்டேன்.

இவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பிள்ளை என்றதும் அந்த மனிதன் என்ன சொன்னான் என்று கேட்டேன். எங்கள் பிள்ளையைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவருக்காவது சந்தோசமாகச் சொல்லப்பட்டதே, அதையாவது கேட்கலாம் என்றிருந்தது.

“கையைப் பிடிச்சுக் குலுக்கினவன்” என்றார். “பிள்ளை நடக்கத் தொடங்கினாப் பிறகு மூண்டு பேருமா வாங்கோ எண்டவன். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”