கண்ணாடி கழற்றுவார்

என் எதிரில் யாராவது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் இன்றும் என் பேச்சு பாதியில் நின்றுவிடும். போன மாதம் அரக்கோணத்தில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். என் தொந்தரவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கப்பென்று வாயை மூடிக்கொண்டேன். "ஏன் நிறுத்திட்டீங்க, சொல்லுங்க" என்றார். எங்கள் பழைய மேனேஜரைப் பற்றி அவரிடம் எங்கே போய்ச் சொல்வது?

எழுபதுகளில் திருத்தணிக்கு வெளியே ஒரு விசைத்தறி ஆலையில் நான் வீவிங் மாஸ்டராக இருந்தேன். தறியோட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுடைய தலைவர் என் அக்கா வீட்டுக்காரர், எனக்குப் பாவா. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஆடி முடிந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தார். அந்த நாற்காலிக்கு என்னைத் தயார் செய்துவிட்டுப் போகும்படி சென்னையிலிருந்த முதலாளி, அப்பா இறந்ததும் சின்ன வயதிலேயே பொறுப்புக்கு வந்தவர், அவரிடம் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் வெளியாள் வருவான், நான் பழையபடி தறிக்கொட்டகைக்குப் போக வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.

என்னிடம் ஒரு வியாதி இருந்தது. யார் எது கேட்டாலும் "ஆங், பாக்கலாம்" என்பேன். லீவு கேட்டாலும் அதுதான், புதுத் தறி கேட்டாலும் அதுதான். கேட்டவன் சிரித்துக்கொண்டே போவான், நானும் நல்லவனாகிவிடுவேன். மேனேஜர் இதை முதல் வாரமே பிடித்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், பாக்கலாம்னா ஆமாங்கறதா, இல்லீங்கறதா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "உங்களுக்கே தெரியலைன்னா கேட்டவனுக்கு என்னத்தத் தெரியும்? இனிமே நான் மூலையில உக்காந்திருப்பேன். கண்ணாடியைக் கழட்டுனா நீங்க பேச்சை நிறுத்தோணும். நிறுத்திப்போட்டு, என்ன சொல்லப் போறோம்னு யோசிக்கோணும்."

அன்று முதல் மேனேஜர் நாற்காலியில் நான், மூலை நாற்காலியில் அவர். கறுப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி. ஒரு நாளைக்கு எத்தனை முறை அது மூக்கை விட்டு இறங்கும் என்று கணக்கில்லை. எனக்கு எரிச்சலாக வரும். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் பெரியவர், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறாரே என்று வீட்டில் பொருமுவேன். ஆனால் மெல்ல மெல்ல, வாயைத் திறக்குமுன் என் கண் தானாக மூலைக்குப் போகத் தொடங்கியது.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. எங்கள் ஊரில் அன்று காவடி எடுக்காத வீடு குறைவு. அந்த வருஷம் பார்த்து ஒரு பெரிய ஏற்றுமதிச் சரக்கு அந்த வாரக் கடைசியில் கப்பலேற வேண்டியிருந்தது. "ஒரு ஷிப்டு கூட நிக்கக் கூடாது" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். பரணி, கிருத்திகை, அதன் பிறகு தெப்பம் மூன்று நாள், ஐந்து நாளும் லீவு வேண்டும் என்றார்கள் தறிக்காரர்கள். இல்லையென்றால் மொத்தமாக வெளியே போவோம் என்றார்கள்.

பேச்சு வார்த்தைக்கு வந்த அன்று பிற்பகல் கரண்டு இல்லை. தறிகள் நின்று கொட்டகை முழுக்க ஓசையில்லாமல் கிடந்தது. மின்விசிறியும் நின்ற அறையில் எட்டுப் பேர் வியர்வையோடு நின்றார்கள். பாவா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "மேனேஜர் சார்" என்றார். அது என்னைச் சுருக்கென்று குத்தியது.

"காவடிக்கு வேண்டிகினவன் தறில நின்னுகினு இருப்பானா சார்? எங்களுக்கு ஒரு பதில் சொல்லு. முதலாளிய கேட்டுச் சொல்றேன்னு மட்டும் சொல்லாத."

நான் அதைத்தான் சொல்லவிருந்தேன். பாக்கலாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வழக்கம்போல மூலையைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்றே தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டுக் கரையேறிவிட்டானே மனுஷன் என்று மனதுக்குள் திட்டினேன். எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரக்குக்கு இன்னும் எத்தனை ஷிப்டு வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"பரணியும் கிருத்திகையும் தறி ஓடாது பாவா" என்றேன். "தெப்பம் மூணு நாளும் ஒருத்தர் விடாம வரணும். ராத்திரி ஷிப்டும் சேத்து."

"முதலாளி ஒத்துக்கலைன்னா?"

"அவரு வேற மேனேஜர் பாத்துக்கட்டும். தறி நிக்கிற ரெண்டு நாளும் என் பொறுப்பு."

பாவா மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையாட்டினார், பிறகு இன்னொருவர். "சரிப்பா, வந்துடறோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனதும் வெளியே பாய்ந்தேன். மேனேஜர் ஆலை கேட்டுப் பக்கமிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தார். "ஏன் சார் அம்போன்னு உட்டுட்டுப் போனீங்க?" என்று கத்தியே விட்டேன். முடிவு என்ன என்று கேட்டார், சொன்னேன். "அப்புறம் என்னுங்க" என்று உள்ளே போய்விட்டார். ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சொன்ன தேதியில் சரக்கு கப்பலேறியது, வேலையும் எனக்கு உறுதியானது. மேனேஜரின் வழியனுப்பு விழாவுக்கு முதலாளி வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். நானே மாலை போட்டு ரயிலேற்றிவிட்டேன். அப்போதும் மனம் முழுதாக ஆறவில்லை.

அவர் போய்ப் பல மாதம் கழித்து வாட்ச்மேன் பேச்சுவாக்கில் சொன்னார். பேச்சு வார்த்தை நடந்த அந்தப் பிற்பகல் முதலாளியின் கார் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டுக்கு வந்துவிட்டதாம். மேனேஜர் ஓடிப் போய் முன்னால் நின்றாராம்.

"நீங்க இப்போ உள்ள போனா அந்த ஆளு எப்பவும் மேனேஜர் ஆவ மாட்டான்னு சொன்னாருங்க. முதலாளி கன்னாபின்னான்னு கத்திகினே கார விட்டு எறங்கினாரு. பழைய மேனேஜரு ஒண்ணும் பேசலீங்க. கண்ணாடிய கழட்டி கையில வெச்சுகினு நின்னாரு. அவ்ளோதான், முதலாளி கம்முனு கார்ல ஏறிப் போய்ட்டாரு."

வாட்ச்மேனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பா இறந்து முதலாளி பொறுப்பேற்ற வருஷம், அவருக்கும் மூலை நாற்காலியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இவர்தான் இருந்திருக்கிறார்.

கண் டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டார். யோசித்து, இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன்.