பதினெட்டு புள்ளி ஆறு

ஸ்டீபன்ராஜ் பேருக்குத்தான் வேதியியல் வாத்தியார். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் நான்கு வருடமாக அவர் பார்க்கும் வேலை வேறு. தரவரிசைக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிப்பது. எத்தனை முனைவர்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று பக்கம் பக்கமாக நிரப்புவார். பொய் எழுத மாட்டார். மனிதருக்கு அதில் பெருமை வேறு. பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கோப்பைக் கட்டி அழுதால் ஆய்வகத்துக்கு நேரம் ஏது? பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். இவரோ கரும்பலகையில் 18.6 என்று எழுதிப் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடிவிடுவார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அதையே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கல்லூரி முப்பது இடம் முன்னேறியது. பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள், இவருக்குச் சால்வை போட்டார்கள். தவக்காலத்தில் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர் கோபப்பட்டது, அவரையே கேலி செய்தது எல்லாம் சொன்னார். கரும்பலகையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஜூன் மாதம் சின்னக்கண்ணு வந்தார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிறவர். மூத்த மகள் கௌசல்யா ஸ்டீபன்ராஜிடம் மூன்று வருடம் படித்து முடித்தவள். அவளையும் கூட்டிக்கொண்டு, இளையவள் சுகன்யாவைச் சேர்க்க விண்ணப்பத்தோடு வந்திருந்தார்.

"கௌசல்யாவுக்கு வேலை கெடச்சிருச்சாண்ணே?"

"எங்க சார். தண்ணி டெஸ்ட் பண்ற லேப்புல கூப்டாக. கண்ணாடிக் குழாயக் குடுத்து அளக்கச் சொல்லிருக்காக. இவ தொறக்கவே இல்லையாம். பேப்பர்ல பதினெட்டு புள்ளி ஆறுன்னு எழுதிக் குடுத்துட்டா. சிரிச்சு அனுப்பிட்டாக."

கௌசல்யா தலை குனிந்தே நின்றாள்.

"காலேஜு மேல ஒரு குத்தமும் இல்ல சார். இம்புட்டுப் பெரிய ரேங்கு. இவ மண்டையிலதான் ஏறல. சின்னவளையாச்சும் பாத்துக்கங்க."

அவர் திட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒங்க பொண்ணும் பன்னண்டாவது முடிச்சிருக்காமே. இங்கதான சார் சேக்குறீங்க?"

மகள் வினோலியாவை அவர் போன வாரம்தான் வேறொரு சின்னக் கல்லூரியில் சேர்த்திருந்தார். சேர்ப்பதற்கு முன் அங்கே ஆய்வகத்தை எட்டிப் பார்த்தார். மூலையில் உடைந்த பியூரெட்டுகள் கிடந்தன. பிள்ளைகள் கை பட்டுத்தானே உடைந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டு, அன்றே பணம் கட்டிவிட்டு வந்தார்.

ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. அவரால் முடியவில்லை.

"இல்லண்ணே. வேற காலேஜ்."

"அது இதவிட மேல் ரேங்கா சார்?"

"அதுக்கு ரேங்கே கெடையாது."

சின்னக்கண்ணு விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் காலேஜு பேரச் சொல்லுங்க சார்."

ஸ்டீபன்ராஜ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கௌசல்யா அதை வாங்கிப் படித்தாள். அதன் பிறகுதான் வாய் திறந்தாள்.

"எனக்கும் இதச் சொல்லியிருக்கலாமே சார்."