இடது கையால் எழுதிய சீட்டுகள்

என் மனைவி ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நான் தையல்காரன்; என் கணக்கு இன்ச் டேப்போடு சரி. இருபது வருடமாக அவள் போர்டில் ஒரு கணக்கையும் தப்பாகப் போட்டதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கட்டிக்கொண்டவன் சொல்கிறேன், நம்பலாம்.

இந்த வருடம் பாதி வகுப்பு ஃபெயில். அடுத்த தேர்விலும் இப்படியென்றால் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அன்று அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். புரிந்ததா என்று கேட்டால் நாற்பது தலையும் ஆடுகிறது, எங்கே புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று புலம்பினாள்.

தன் பாடத்தில் என்ன குறை என்று பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் பார்த்தாள். நாற்பதிலும் ஒரே புகழ்ச்சி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் நோட்டுத் திருத்துகிறவளுக்குக் கையெழுத்து தெரியாதா, பிள்ளைகள் என்ன அசடுகளா என்றேன். முறைத்தாள். ஆனால் மறுநாள் எல்லோரையும் இடது கையால் எழுத வைத்தாள். இடது கைப் பழக்கமுள்ள இருவரை மட்டும் வலது கையால்.

அந்தக் கோணல் எழுத்துகளை என் தையல் மேஜையில் பரப்பிப் படித்தோம். வேகமாகப் போகிறீர்கள், சீக்கிரம் அழித்துவிடுகிறீர்கள் என்று பல. ஒன்றில், 'நீங்கள் யோசித்து நாங்கள் பார்த்ததே இல்லை' என்றிருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவேயில்லை. எல்லாக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவதுதான் அவள் வழக்கம்.

அடுத்த நாள், தான் பார்க்காத ஒரு கணக்கைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொன்னாள். இரண்டு குழாய், ஒரு தொட்டி, அதில் ஓர் ஓட்டை. 'எக்ஸ் என்க' என்று எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். மூன்றாவது தடவையும் அழித்தாளாம்.

வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"மிஸ், எதை எக்ஸ்னு வைக்கிறதுன்னு தெரியலையா? எனக்கு எப்பவும் அங்கதான் நிக்குது."

தங்களுக்கும் அங்கேதான் என்று இன்னும் பல கைகள் உயர்ந்தன. அன்று முழுவதும் எதை எக்ஸ் என்று வைக்கலாம் என்று மட்டுமே பேசினார்களாம்.

தேர்வில் பதினோரு பேர் கூடுதலாகத் தேறினார்கள், வகுப்பும் அவளிடமே இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்காதது அந்தக் குழாய்க் கணக்கு போட்ட நாளின் சாயங்காலம்தான். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் என் எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"இருபது வருஷமா பிள்ளைங்க நிக்கிற அந்த இடத்தத் தாண்டி நின்னுதாங்க நான் பாடத்தையே ஆரம்பிச்சிருக்கேன்."