வலைக்கு முதல் வெட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் காலடிப்பேட்டையில் ஹவாய் செருப்பு செய்யும் கொட்டகையில் எழுத்து வேலை கிடைத்தது. ரப்பர் ஷீட்டில் டை என்னும் இரும்பு வெட்டச்சை வைத்துச் செருப்பை வெட்டியெடுத்தபின், கால் வடிவ ஓட்டைகளோடு ஒரு சல்லடை மிஞ்சும். அதைப் பின்பக்கக் குழியில் எரிப்போம். புகை தாங்காமல் தெருவே திட்டியது. இன்னும் ஒரு மாதத்தில் எரிப்பதை நிறுத்தாவிட்டால் காலி செய்யச் சொன்னார் இடத்துக்காரர். பதினான்கு பெண்களின் வேலை போயிருக்கும்.

ஒரு மழை நாளில் குழித் தண்ணீரில் அந்தச் சல்லடை மிதந்தது. குச்சியால் அமுக்கினேன், மேலே வந்தது. ஒரு கல்லை வைத்தேன், கல்லையும் தாங்கியது. முகத்துவாரக்குப்பத்தில் மீன்பிடிக்கும் என் அப்பா, நைனாவின் வலையில் மர மிதவைகள் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். இது கனக்குமா? ராத்திரி முழுக்கக் குடத்தில் ஊறவைத்துப் பார்த்தேன். கனக்கவில்லை.

நைனாவிடம் காட்டினேன்.

"இன்னாம்மா இது, காலு காலா ஓட்ட கீது?"

"செருப்பு வெட்டினது போக மிச்சம் நைனா. வலைக்கு மிதவை பண்ணலாம்."

"செருப்பு போட்டுக்கினு வலைகிட்ட வந்தவன இந்த வூட்ல உட்டுருக்கனா? செருப்பையே வலைல கட்டச் சொல்ற. நல்லா படிச்ச போ."

கோபம் வந்தாலும், எது அவரை உறுத்துகிறது என்று அறியும் ஆசை விடவில்லை. "வெட்டாத ஷீட்டுன்னா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "அது வெறும் ரப்பரு. அதுல இன்னா கீது."

மறுநாள் முதலாளியிடம், இரண்டு செருப்புகளின் ஒடுங்கிய இடுப்புக்கு நடுவே விழும் இடைவெளியில் ஒரு வட்டம் அடங்கும் என்று சாக்பீஸால் வரைந்து காட்டினேன். வட்டத்தை முதலில் வெட்ட வேண்டும், செருப்பை அப்புறம்.

திருநெல்வேலிக்காரரான அவர் சிரித்தார். "எப்ப வெட்டுனா என்னம்மா, ஒரே ரப்பர்தான? ஒங்கப்பா செருப்பு போடுத மனுசந்தான?"

"கடல்ல போட மாட்டாரு."

ராயபுரத்தில் செய்த வட்ட டை வந்தது. நைனா வெறுங்காலோடு வந்து இயந்திரத்தருகே நின்றார். முதலில் விழுந்த வட்டத்தை எடுத்து முகர்ந்தார், கிள்ளிப் பார்த்தார். "மீதிய இன்னா வேணா பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கோணி நிறைய வாங்கிப் போனார்.

பிறகு மற்ற குப்பத்துக்காரர்களும் வந்தார்கள். "எத்த மொதல்ல வெட்டின?" என்று கேட்காமல் எவரும் வாங்கியதில்லை. வட்டமும் செருப்பும் போக மிஞ்சியதை நறுக்கினோம், மெத்தைக் கடைக்காரர் திண்டுக்குள் அடைக்க எடுத்துக்கொண்டார். மாதம் முடிந்து இடத்துக்காரர் வந்தபோது, மண் மூடிய எரிகுழியின் மேல் உட்கார்ந்து பதினான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.