பத்மாதேவி ஒடுக்கிய நிரல்

எங்கள் நிலையத்தின் ஆண்டு மலருக்குப் பத்மாதேவியைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவளோடு நெருங்கிப் பழகியவள் நான்தானாம். மூன்று வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம், அது உண்மை. அந்த மூன்று வருடமும் அவளைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது, அதுவும் உண்மை. இரண்டையும் எழுதுகிறேன். எதைப் போடுவது, எதை விடுவது என்று மலர்க் குழு தீர்மானிக்கட்டும்.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் கண்டி டவுனுக்கு வந்தவர்களைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொழும்பிலிருந்து அட்டை வர ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை, இன்னார் விண்ணப்பித்திருக்கிறார் என்று நாங்கள் ஒரு கடிதம் கொடுப்போம். அந்தக் கடிதங்களை அச்சிடும் டேட்டாபேஸைச் செய்தவள் நான். எண்பத்து மூன்று கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்த பிறகு தட்டெழுத்துப் படித்து, அதன் பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் கொம்பியூட்டரோடு தனியாக மல்லுக்கட்டிப் பழகி, மூவாயிரம் பேரின் விவரத்தை ஏற்றியிருந்தேன். என்னை விட்டால் அதைத் திறக்க ஆளில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

தொண்ணூற்றாறில் பத்மாதேவி வந்தாள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து இடம்பெயர்ந்து, தாயோடு கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் இருந்தாள். மூன்றே மூன்று சேலை. அவற்றையே மாற்றி மாற்றிக் கட்டினாலும் கசங்காமல் கட்டுவாள். அவள் வந்த அதே மாதம் புதுக் கொம்பியூட்டரும் வந்தது. அதிலிருந்த ஸ்ப்ரெட்ஷீட் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. என் பட்டியலை அதில் திறந்து, கோடு போட்டு, தலைப்புக்கு நிறம் தீட்டி, ஒரு தோட்டத்துக்கு ஒரு தாள் என்று அடக்கிவிட்டாள்.

எங்கள் பணிப்பாளர் மக்கீன் சேர் அக்குறணைக்காரர், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகத் திரிந்தார்.

“இங்க பாருங்க இராஜேஸ்வரி, எல்லாம் ஒரே தாள்ல ஈக்கி. எவ்வளவு வடிவா ஈக்கி!”

ஏழு வருடமாக நான் அச்சிட்டுக் கொடுத்த நீளத் தாள்களை மடித்து மடித்துப் பார்த்த மனிதர் அவர். ஒருநாளாவது வடிவு, அழகு என்று சொன்னதில்லை. “ஆமா சேர், நல்லா இருக்கு” என்றேன்.

சரி, அவள் திமிர் பிடித்தவளாக இருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அதுவும் இல்லை. எதைச் சொன்னாலும் “ஓம் அக்கா” என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். அதைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடிதம் மட்டும் என் டேட்டாபேஸிலிருந்துதான் அச்சாகும். ஆகவே அவள் பட்டியலைத் தன் ஸ்ப்ரெட்ஷீட்டில் திருத்தி, மறுபடி பழைய வடிவத்தில் சேமித்துத் தருவாள். அங்கேதான் கோளாறு. தாளில் அடக்குவதற்காக அவள் முகவரி எழுதும் நெடுக்குப் பத்தியை, அதாவது நிரலை, ஒடுக்கியிருந்தாள். திரையில் ஒடுக்கினால் எழுத்து மறையும், அவ்வளவுதான். ஆனால் பழைய வடிவத்தில் சேமிக்கும்போது, நிரல் எத்தனை அகலமோ அத்தனை எழுத்துத்தான் போகும். மிச்சம் வெட்டுப்பட்டு அழிந்துவிடும். அது அவளுக்குத் தெரியாது. எங்கள் நிலையத்துக் கந்தோரில் யாருக்குமே தெரியாது.

முதலில் கண்டுபிடித்தவள் நான். தொண்ணூற்றேழு மார்ச் மாதம், தெல்தெனியப் பக்கத்து வெல்பர்ன் தோட்டத்துக் கடிதங்களை அச்சிட்டபோது, முகவரி தோட்டத்தின் பெயரோடு நின்றிருந்தது. மேல் பிரிவா கீழ் பிரிவா, எத்தனையாம் லயம், அதாவது எத்தனையாம் வரிசை வீடு, எதுவும் இல்லை. தோட்டத்தில் அதுதான் ஆளுக்கு அடையாளம். வெல்பர்னில் மட்டும் மூன்று லெட்சுமணன். மூவருக்கும் தகப்பன் பெயர் இராமசாமி. அவள் கை வைப்பதற்கு முன் எடுத்த பிரதி ஒன்று என் ப்ளொப்பி டிஸ்கில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். முழுதாக இருந்தது.

“பத்மா, இங்க வாங்க” என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. எப்படியும் ஒருநாள் மாட்டுவாள், அன்றைக்கு மக்கீன் சேர் அந்த வடிவான தாளை என்ன செய்கிறார் பார்ப்போம் என்று நினைத்தேன். டிஸ்கின் லேபலில் “முழு முகவரி, பத்மா வெட்ட முதல்” என்று எழுதி, அன்றைய திகதியும் போட்டு, மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். பிறகு அந்த அரைகுறைக் கடிதங்களுக்கு முத்திரை குத்தி நானே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வடிவம்மா என்ற பெண் அழுதுகொண்டு படியேறி வந்தாள். அவள் புருஷன் லெட்சுமணன் டவுனில் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குபவன். முந்தின நாள் சாவடியில் எங்கள் கடிதத்தைக் காட்டியிருக்கிறான். பொலிஸார் தோட்டத்தில் விசாரித்தபோது, அந்தப் பெயரில் மூன்று பேர் என்றும், ஒருவன் பல மாதமாக வீட்டில் இல்லை என்றும் தெரிந்திருக்கிறது. அந்தக் காணாமற்போனவன் புலிகளோடு சேர்ந்திருப்பான், அவன் இவன்தான் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிரிவும் லயமும் போட்டுக் கடிதம் கொண்டு வந்தால் விடுவார்களாம்.

“கீழ் பிரிவு, ஏழாம் லயங்க. அதை மட்டும் எழுதிக் குடுங்கம்மா” என்றாள்.

அவள் வாய்ச்சொல்லை வைத்து எழுத மக்கீன் சேர் பயந்தார். விண்ணப்பப் படிவங்கள் கொழும்புக்குப் போய்விட்டன. பத்மாதேவி பட்டியலைத் திறந்தாள். மூன்று லெட்சுமணன், ஒரே முகவரி. “நான் ஒடுக்கினதாலதான் சேர் இது. என்ர பிழை” என்றாள்.

இப்போது வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். சேர் ஏசவில்லை. “விடுங்க மகள், தெரியாமத்தானே செஞ்ச” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. லாச்சியின் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. அவர் ஏசட்டும், அதன் பிறகு எடுக்கலாம் என்று அன்றைக்கு இருந்தேன். மறுநாளும் இருந்தேன். அதற்கடுத்த நாளும் இருந்தேன். வடிவம்மா காலையில் வந்து படியில் உட்காருவாள், கடைசி பஸ்ஸுக்குப் போவாள்.

நான்காம் நாள் பத்மாதேவி குடையோடு வந்து நின்றாள். “நான் வெல்பர்னுக்குப் போய் லயம் லயமாக் கேட்டு எழுதிக்கொண்டு வாறன் சேர்.”

“உங்கட ஐடென்டிட்டில யாழ்ப்பாணம்னு ஈக்கி. வழியில மூணு சாவடி. உங்களைப் புடிச்சா நான் உங்கட உம்மாவுக்கு என்ன சொல்ற?”

“பரவாயில்லை சேர். பிழை விட்டது நான்தானே.”

கந்தோரே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. வடிவம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே இருந்த மனிதனுக்காக இல்லை. இவள் போய் அதையும் செய்துவிட்டு வந்தால், பிறகு ஆயுளுக்கும் இவள் புகழைத்தானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான்.

“போக வேணாம். எங்கிட்ட பழைய பிரதி இருக்கு” என்று லாச்சியைத் திறந்தேன்.

டிஸ்கை வாங்கக் கை நீட்டியவள் அவள்தான். மேலே எழுதியிருந்ததை வாசித்தாள். திகதியையும் வாசித்தாள். பிறகு என்னை ஒருதரம் பார்த்தாள்.

“இவ்வளவு நாளும் இது எங்க இருந்திச்சி?” என்று சேர் கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன் அவள் சொன்னாள்: “நான்தான் சேர் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னனான். பிறகு நானே மறந்துபோனன். அக்காவுக்கும் இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு.” சொல்லிக்கொண்டே லேபலை நகத்தால் கிழித்துத் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மக்கீன் சேர் என்னைப் பாராட்டினார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. பிற்பகல் கடிதம் போனது, மாலையில் லெட்சுமணனை விட்டார்கள். பத்மாதேவி நிரலை அகலமாக்கி, மூவாயிரம் முகவரிகளையும் என் டிஸ்கிலிருந்து திருப்பி ஏற்றினாள். இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். எனக்கு இல்லாத அந்தப் பெருந்தன்மையைக் கண்டும் நான் எரிந்தேன், வேறென்ன சொல்ல. தொண்ணூற்றொன்பதில் தாயோடு கனடாவுக்குப் போகும்வரை என்னை அக்கா என்றுதான் அழைத்தாள்.

அட்டை வந்த பிறகு லெட்சுமணன் ஒருநாள் கந்தோருக்கு வந்தான். எனக்கு நன்றி சொன்னான். “பரவால்லங்க” என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டினான்.

“இந்தப் பக்கமாப் பேசுங்கம்மா. உள்ள மூணாம் நாளு அடிச்சதுல அந்தக் காது போயிருச்சி.”

மூன்றாம் நாள். என் கைப்பையில் சாவி இருந்த நாள். பத்மாதேவி எழுந்து வந்து, அவன் வலது காதருகே குனிந்து, “இந்த அக்காதான் உங்களைக் காப்பாத்தினவ” என்று சத்தமாகச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் மறுக்கவில்லை.